லவ் பேர்ட்ஸ் செட்: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டு வரலாம்

பறவைக் கடைக்குப் போய், “முதல் தடவையா வளர்க்கப் போறோம்” என்று சொன்னால் போதும், கடைக்காரர் ஒரு செட்டை எடுத்து முன்னால் வைத்துவிடுவார். ஒரு ஜோடி பறவை, சின்னக் கம்பிக் கூண்டு, பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்பானை, இரண்டு பிளாஸ்டிக் கிண்ணம், கூண்டிலேயே மாட்டி வரும் இரண்டு குச்சி, ஊஞ்சல், மணி வைத்த கண்ணாடி, ஒரு கிலோ தினை, ஒரு துண்டு கடல் நுரை, ஒரு சின்ன பாட்டில் வைட்டமின் சொட்டு மருந்து. எல்லாம் சேர்த்து ஒரே விலை. தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இந்த செட்டுக்கு 10-க்கு 4 கொடுக்கலாம். ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு பொருளும் கடையில் அடுக்கி வைக்க, தூக்கிக் கொடுக்க வசதியாக இருக்கிறது. 35 கிராம் எடையுள்ள ஒரு பறவை அதற்குள் வருடக்கணக்கில் வாழ வேண்டும் என்று யோசித்துச் செய்தது போல இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 5 முதல் 10 வருடம் வரை இருக்கும் பறவை, முதல் வருடத்திலேயே செத்துப்போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இந்த செட்டுக்குள்ளேயே இருக்கின்றன. பானை, சொட்டு மருந்து, கண்ணாடி மூன்றையும் வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பணத்தைக் கூண்டின் நீளத்தில் போடுங்கள்.

முதலில் பெயர். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பட்ஜெரிகர். வளர்ப்பவர்கள் பட்ஜி என்பார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவை; அலகிலிருந்து நீண்ட வால் நுனி வரை சுமார் 18 செ.மீ. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. குட்டை வால், தடித்த அலகு. சில கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இருக்கும். ‘இதில் ஒன்று, அதில் ஒன்று’ என்று எடுத்து ஒரே கூண்டில் விடாதீர்கள். லவ் பேர்ட் கடித்தால் பட்ஜியின் விரலே போய்விடும். யாராவது ‘பேசுற பச்சைக்கிளி இருக்கு’ என்று தனியாகக் கூப்பிட்டுக் காட்டினால் அங்கேயே திரும்பிவிடுங்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்.

கூண்டு

செட்டோடு வருவது பெரும்பாலும் 1 அடிக்கு 1 அடி, உயரம் ஒன்றரை அடி. உயரத்தைப் பார்த்ததும் இடம் தாராளம் என்று தோன்றும். ஆனால் பட்ஜி நேர் மேலே எழும்பிப் பறப்பதில்லை, பக்கவாட்டில் பறக்கிறது. சிறகை விரித்தாலே கிட்டத்தட்ட ஒரு அடி வரும் பறவைக்கு ஒரு அடி அகலக் கூண்டில் குச்சியிலிருந்து குச்சிக்குத் தாவ மட்டும்தான் முடியும். நாள் முழுக்கத் தினை, நாள் முழுக்க உட்காரல் என்றால் நெஞ்சிலும் வயிற்றிலும் கொழுப்பு சேரும், ஈரல் கெடும்.

ஒரு ஜோடிக்கு இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் நல்லது. அந்த அளவுக்கு இடமில்லை என்றால் இரண்டடி நீளத்துக்குக் கீழே இறங்காதீர்கள், தினமும் ஒரு மணி நேரமாவது அறையில் திறந்து விடுங்கள். கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கடையில் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கத் தயங்க வேண்டாம். முக்கால் அங்குல இடைவெளியில் இளம் பட்ஜி தலையை நுழைத்துவிடும்; பின்னால் இழுக்கும்போது தாடை மாட்டிக்கொள்ளும். கம்பிகள் இரண்டு பக்கமாவது கிடைமட்டமாக ஓட வேண்டும், பட்ஜி அலகால் பிடித்து ஏறும் பறவை. மேலே கோபுரம் போலக் கூம்பிய வட்டக் கூண்டு பார்க்க அழகு. ஆனால் கம்பிகள் உச்சியில் ஒன்றுசேரும் இடத்தில் இடைவெளி குறுகிக்கொண்டே போகும், விரலும் நகமும் அங்கேதான் சிக்கும். அதை வாங்க வேண்டாம்.

கதவைக் குனிந்து கவனியுங்கள். பெரும்பாலான கூண்டுகளில் மேலே தூக்கித் திறக்கும் கதவு. பட்ஜி அலகைக் கீழ்க்கம்பியில் கொடுத்து, கழுத்தால் அதைத் தூக்கி, தலையை வெளியே நீட்டும். பாதியில் கதவு இறங்கினால் கழுத்தில் விழும். இறங்காவிட்டால் பறவை வெளியே. கதவு ஒவ்வொன்றுக்கும், கிண்ணம் மாட்டும் சின்னக் கதவுக்கும் சேர்த்து, ஒரு ஸ்டீல் கிளிப் போடுங்கள். துணி உலர்த்தும் பிளாஸ்டிக் கிளிப்பைக் கடித்தே பிரித்துவிடும்.

வெல்டிங் பட்டறையில் வெல்ட் மெஷ் வாங்கிச் செய்துகொள்வது பலருக்குச் சிக்கனமாக அமைகிறது. நீளமும் நம் இஷ்டம். ஒரு எச்சரிக்கை மட்டும். புதுக் கம்பி வலையில் துத்தநாகப் பூச்சு இருக்கும். கம்பிகள் சேரும் முடிச்சுகளில் அது சின்னச் சின்னத் துளியாகவும் வெள்ளைத் தூளாகவும் நிற்கும். பட்ஜி அதைச் சுரண்டி விழுங்கினால் துத்தநாக நஞ்சு ஏறும்: தண்ணீர் போன்ற எச்சம், சோர்வு, தள்ளாட்டம், பிறகு சாவு. கூண்டு வந்தவுடன் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, கெட்டி பிரஷால் முடிச்சு முடிச்சாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவிட்டு, பிறகுதான் பறவையை விட வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் துளிகளை அரம் வைத்து எடுத்துவிடுங்கள். பெயிண்ட் அடித்த கூண்டில் நகத்தால் கீறிப் பாருங்கள். பெயிண்ட் பொறுக்கு உரிந்தால் அது பறவையின் வயிற்றுக்குள்தான் போகப்போகிறது.

அடித்தட்டு இழுத்து எடுக்கும்படி இருக்க வேண்டும். அதில் மரத்தூளோ மணலோ வேண்டாம். பழைய செய்தித்தாள் போதும், தினமும் மாற்றலாம். காகிதத்தில் எச்சம் தெளிவாகத் தெரிவதுதான் பெரிய லாபம். கரும்பச்சையில் சுருண்ட புழு போன்ற பகுதி, அதன்மேல் வெள்ளை, சுற்றிக் கொஞ்சம் ஈரம்: இதுதான் நல்ல எச்சம். கீரை தின்ற நாளில் ஈரம் கூடும், அதற்குப் பயப்பட வேண்டாம். எச்சம் கறுத்தாலோ, வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ, முழுத் தினை செரிக்காமல் அப்படியே வந்தாலோ பயப்பட வேண்டும்.

குச்சி, கிண்ணம், தொங்குபவை

கூண்டில் வரும் இரண்டு குச்சிகளும் ஒரே தடிமன், ஒரே வழவழப்பு. பட்ஜி தூங்குவதும் நின்றுகொண்டுதான். ஒரே தடிமனுள்ள குச்சியில் இரவும் பகலும் நின்றால் உள்ளங்காலில் எப்போதும் ஒரே இடத்தில் அழுத்தம் விழுகிறது. அந்த இடம் முதலில் சிவக்கும், தோல் மினுமினுக்கும், பிறகு காய்ப்பு, கடைசியில் சீழ். அடிக்கடி ஒற்றைக்காலை மாற்றி மாற்றித் தூக்கினால் பாதத்தைக் கவனியுங்கள்.

இதற்கு மருந்து செலவில்லாதது. கொய்யா அல்லது வேப்பங்கிளை, மருந்து அடிக்காத மரத்திலிருந்து. நம் சுண்டுவிரல் தடிமனிலிருந்து கட்டைவிரல் தடிமன் வரை மூன்று நான்கு துண்டு, கணுவும் வளைவுமாக. தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பட்ஜி உட்காரும்போது முன்விரலும் பின்விரலும் ஒன்றையொன்று தொடாமல், குச்சியின் முக்கால் சுற்றைப் பிடித்தால் தடிமன் சரி. பட்டையை உரித்துத் தின்னும். தின்னட்டும், அதுதான் அதன் பொழுதுபோக்கு. அரளிக் கிளை மட்டும் கூடவே கூடாது, அதன் ஒவ்வொரு பாகமும் விஷம். நகம் தேய்வதற்கென்று விற்கும் உப்புத்தாள் சுற்றிய குச்சியும் வேண்டாம். நகத்தைவிட முன்பாக உள்ளங்கால்தான் தேயும்.

பிளாஸ்டிக் கிண்ணம் தேறும், கீறல் விழும்வரை. கீறலில் பாசி ஏறினால் கழுவிப் போகாது. கூண்டில் மாட்டும் சின்ன எவர்சில்வர் கிண்ணம் எப்போதும் மேல். கிண்ணத்துக்கு நேர் மேலே குச்சி இருந்தால் தண்ணீரில் எச்சம் விழும். அதைத் தள்ளி மாட்டுங்கள். தலைகீழாகக் கவிழ்த்து மாட்டும் தண்ணீர்க் குப்பி பயணத்துக்கு நல்லது, ஆனால் அதன் மூக்கில் சில சமயம் காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டு குப்பி நிறையத் தண்ணீர் இருந்தும் வாய் வறண்டு கிடக்கும். குப்பி வைத்தாலும் ஒரு கிண்ணம் கூடவே இருக்கட்டும். தண்ணீர் காலையில் ஒரு தடவை, கோடையில் மாலையிலும் ஒரு தடவை மாற்ற வேண்டும்.

ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள், தொங்குபவற்றில் குறை சொல்ல முடியாத பொருள் அது ஒன்றுதான். கண்ணாடியை வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. தனி ஆண் பட்ஜி கண்ணாடியில் தெரியும் பறவையைத் தன் ஜோடியாக நினைத்து இரையைக் கக்கிக் கக்கி ஊட்டிக்கொண்டே இருக்கும்; எடை இறங்கும், தொண்டைப் பை புண்ணாகும், மனிதர்கள் பக்கம் திரும்பியும் பார்க்காது. கண்ணாடியோடு வரும் மணி, சலங்கை போலக் கீற்று வெட்டியதாக இருந்தால் கட்டாயம் கழற்றிவிடுங்கள். அந்தக் கீற்றில் விரல் நுழையும், வெளியே வராது.

ஒரு கிலோ தினை

செட்டிலேயே அதிகம் யோசிக்க வேண்டிய பொருள் இது. தினையும் கிளியும் நமக்குப் புதிய ஜோடி இல்லை. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் பரண் போட்டு, தட்டையும் கவணும் வைத்துக்கொண்டு, ‘ஆலோலம்’ பாடிக் கிளி ஓட்டிய வள்ளியின் கதை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்கே புனத்துக்கு வந்தது நம் பச்சைக்கிளி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பட்ஜிக்கும் தினை அதே அளவுக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காகத் தினை மட்டுமே போதும் என்று ஆகாது.

முதலில், உமியோடு இருக்கும் தினைதான் வேண்டும். மளிகைக் கடையில் சமையலுக்கு விற்கும் தினை அரிசி உமி நீக்கியது. சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், பட்ஜிக்கு உமி உரிக்கும் வேலையும் போய்விடும். புதியதா பழையதா என்று பார்க்க ஒரு தேக்கரண்டித் தினையை இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து இரண்டு நாள் வையுங்கள். பெரும்பகுதி முளைத்தால் உயிருள்ள தானியம். முளைக்காமல் புளித்த வாடை அடித்தால் அந்தக் கடையில் அடுத்த தடவை வாங்காதீர்கள். மூட்டையில் நூலாம்படை போலப் பின்னியிருந்தாலோ, கையில் அள்ளும்போது பூசண வாடை வந்தாலோ மொத்தமாக வேண்டாம். பூசணத்தில் உண்டாகும் நஞ்சு நேராக ஈரலைத் தாக்கும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் வண்டு வராது.

கலவைக்கு ஒரு கணக்கு: தினை 2 பங்கு, பனிவரகு 2 பங்கு, சாமை 1 பங்கு, எல்லாமே உமியோடு. கேனரி விதை கிடைக்கிற ஊரில் அதையும் 1 பங்கு சேர்க்கலாம். சூரியகாந்தி விதையைப் பெரிய கிளிகளுக்கு விட்டுவிடுங்கள், கொழுப்பு அதிகம். ஒரு பறவைக்கு ஒரு நாளைக்குத் தலைதட்டிய 2 தேக்கரண்டி.

இப்போது ஒரு விஷயத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். பட்ஜி தினையை அலகில் வாங்கி, நாக்கால் உருட்டி, உமியைக் கழற்றி, உள்ளிருக்கும் பருப்பை மட்டும் விழுங்கும். கழன்ற உமி பெரும்பாலும் கிண்ணத்துக்குள்ளேயே விழும். ஒவ்வொரு உமியும் முழுத் தினை போலவே மஞ்சளாக, உருண்டையாக, பளபளவென்று இருக்கும். மாலையில் எட்டிப் பார்த்தால் கிண்ணம் நிறைந்த மாதிரியே தெரியும். ‘இன்னும் இருக்கே’ என்று விட்டுவிடுவோம். உண்மையில் மேலே விரற்கடை அளவுக்கு வெறும் உமி. அடியில் இருக்கும் தினையை எட்ட அதைக் கிளறத் தெரியாமல் பறவை பட்டினி கிடக்கும். முதல் தடவை வளர்ப்பவர்கள் வீட்டில் கிண்ணம் நிறைந்திருக்கப் பறவை சாவது இப்படித்தான். காலையிலும் மாலையிலும் கிண்ணத்தை வெளியே எடுத்து, மெல்ல ஊதுங்கள். உமி பறந்து போகும், தினை தங்கும். பிறகுதான் எவ்வளவு போட வேண்டும் என்று தெரியும்.

தானியம் மட்டும் தின்னும் பட்ஜிக்கு வைட்டமின் ஏ, கால்சியம், அயோடின் மூன்றும் பற்றாது. வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கும் மூச்சுப்பாதையும் எளிதில் நோய் பிடிக்கும். அயோடின் குறைந்தால் கழுத்துக்குள் தைராய்டு வீங்கி உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் நெருக்கும். இரையைக் கக்குவது, மூச்சோடு கீச்சென்று ஒரு சத்தம் வருவது இதன் அடையாளம். அயோடின் சேர்த்த கட்டி கடையில் தனியாகக் கிடைக்கிறது, வாங்கி மாட்டலாம். மற்ற இரண்டுக்கும் காய்கறிக் கடை போதும்.

முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல். இதில் முருங்கைக்கீரைக்குத்தான் என் முதல் ஓட்டு: சத்துக்குச் சத்து, வீட்டுக்கு வீடு மரம். கீரையைத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு கொத்தாகக் கட்டிக் கூண்டின் மேல்கம்பியில் தொங்கவிடுங்கள். முதல் வாரம் பட்ஜி அதைப் பார்த்து ஒதுங்கும். பச்சையாக ஏதோ ஆடுகிறது என்றுதான் அதற்குத் தோன்றும், உணவு என்று தெரியாது. விடாமல் தினமும் கட்டுங்கள்; பத்துப் பதினைந்து நாளில் ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கத் தொடங்கும், அப்படியே கடிக்கவும் பழகும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், நம் வெயிலில் அதற்கு மேல் தாங்காது.

முளைகட்டிய தானியமும் அருமை. இரவு ஊறவைத்து, காலையில் வடித்து அலசி, மறுநாள் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும்போது ஒரு பறவைக்கு ஒரு தேக்கரண்டி. கொழகொழப்பு தட்டினால் குப்பைக்கு.

அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், உப்புப் போட்ட மிக்சர் இவற்றில் ஒரு துணுக்கும் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லியே வையுங்கள்.

கடல் நுரைக்கு முழு மதிப்பெண். கணவாய் மீனின் உள்ளோடுதான் அது. மலிவான, சுத்தமான கால்சியம். மென்மையான வெள்ளைப் பக்கம் பறவையைப் பார்த்து இருக்க வேண்டும், ஓடு போன்ற பக்கம் கம்பியை ஒட்டி. கடற்கரையில் பொறுக்கியதானால் உப்பு இறங்க நல்ல தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, காயவைத்துக் கொடுக்கலாம். செரிமானத்துக்கென்று மணல், கல் தூள் எதையாவது சேர்த்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். பட்ஜி உமியை உரித்துத் தின்பதால் கல் தேவையே இல்லை. உடம்பு சரியில்லாத நாளில் அதை அளவுக்கு மீறித் தின்று குடல் அடைத்துக்கொள்ளும்.

பானையும் பாட்டிலும்

‘பானை வெச்சா சீக்கிரம் குஞ்சு பொரிக்கும்’ என்று சொல்லித்தான் பானையைக் கொடுப்பார்கள். சொல்வது உண்மை, பிரச்சினையே அதுதான். இருட்டான பொந்தைக் கண்டதும் பெண் பட்ஜியின் உடம்பு முட்டைக்குத் தயாராகிவிடும். கடையில் வாங்கும் பெண்ணுக்கு நாலைந்து மாதம்தான் ஆகியிருக்கும், தினை மட்டும் தின்று கால்சியம் இருக்காது. முட்டை ஓடு கெட்டியாகாமல், வெளியே தள்ளத் தசைக்கு வலுவில்லாமல் உள்ளேயே நின்றுவிடும். பறவை கூண்டின் தரையில் கால் அகற்றி உட்கார்ந்து, வாலை மேலும் கீழும் ஆட்டி முக்கும். சில மணி நேரத்தில் மருத்துவரிடம் போகாவிட்டால் பிழைப்பது கடினம். தப்பித்தாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு முட்டையாக நாலு முதல் ஆறு வரை இடும், சுமார் 18 நாள் அடைகாக்கும், குஞ்சுகள் ஒரு மாதத்துக்கு மேல் பானைக்குள் இருக்கும். பறவையின் எச்சத்தையே படிக்கப் பழகாதவருக்கு இது அகலக்கால். பெண்ணுக்கு ஒரு வயது நிறையட்டும், கீரையும் கடல் நுரையும் பழகட்டும், நீங்களும் பழகுங்கள். அதுவரை கூண்டில் பானை, தேங்காய்ச் சிரட்டை, துணிக் கூடாரம் எதுவும் வேண்டாம். பட்ஜி குச்சியில்தான் தூங்கும், அதற்கு வீடு தேவையில்லை.

சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்தால் வெளிச்சத்திலும் சூட்டிலும் வைட்டமின் வேகமாகக் கெடுகிறது, இனிப்பில் கிருமி பெருகுகிறது, நிறமும் வாடையும் பிடிக்காமல் சில பறவைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றன. இதைவிடக் கெடுதல், ‘சளி பிடிச்சா போடுங்க’ என்று பொட்டலத்தில் தரும் மஞ்சள் தூள். அது பெரும்பாலும் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக். எந்த நோய் என்று பார்க்காமல், அளவில்லாமல் கொடுத்தால் நல்ல கிருமி சாகும், கெட்டது பழகிவிடும். கடல் நுரையின் கால்சியம் அந்த மருந்தோடு ஒட்டிக்கொண்டு அது உடம்பில் சேரவும் விடாது.

பறவையைப் பார்த்து எடுப்பது

கூண்டருகே போனவுடன் நோயாளிப் பறவையும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஆரோக்கியமாக நடிக்கும். மற்ற விலங்குக்கு இரையாகும் பறவைக்கு அது பிறவிப் பழக்கம். அதனால் பத்தடி தள்ளி நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். உப்பிக்கொண்டு இரண்டு காலிலும் நின்று பகலில் தூங்குவதை வாங்காதீர்கள். மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவதையும் வாங்காதீர்கள். பிறகு கையில் பிடிக்கச் சொல்லி நெஞ்சைத் தடவினால் நடு எலும்பு கத்தி முனை போல இருக்கக் கூடாது, இரண்டு பக்கமும் சதை வேண்டும். ஆசனவாய்ப் பகுதி இறகு காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். அலகின் ஓரத்திலும் மூக்கைச் சுற்றியும் தேன்கூடு போலப் பொரிந்த வெள்ளைப் பொறுக்கு இருந்தால் அது செள்ளுப் பூச்சி. மருத்துவரிடம் குணமாகும், ஆனால் அந்தக் கூண்டுப் பறவைகள் எல்லாவற்றுக்கும் இருக்கலாம். மண்ணெண்ணெய் தடவச் சொன்னால் கேட்காதீர்கள்.

குஞ்சு வயதா என்று தெரிய நெற்றியைப் பாருங்கள். இளம் பறவையின் நெற்றிக் கோடுகள் மூக்கு வரை இறங்கி வரும், கண் முழுக்கக் கறுப்பு. மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி வெறுமையாகும், பிறகு கண்ணில் வெள்ளை வளையம் தெரியும். முழுமஞ்சள், முழுவெள்ளைப் பறவைகளில் கோடு இருக்காது, அங்கே இந்தக் கணக்கு செல்லாது. ஆணா பெண்ணா என்பதை அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கும் பட்டை சொல்லும்: வளர்ந்த ஆணுக்குப் பளிச்சென்ற நீலம், பெண்ணுக்குப் பழுப்பு அல்லது வெளிறிய நிறம். இளம் ஆணுக்கு அது சீராக இளஞ்சிவப்பு-ஊதா. இளம் பெண்ணுக்கு வெளிர்நீலத்தில் மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். அந்த நீலத்தைப் பார்த்து ஆண் என்று கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. முதல் தடவைக்கு இரண்டு ஆண் நல்ல தேர்வு. சண்டை குறைவு, முட்டைத் தொல்லை இல்லை.

வீட்டில் வைக்கும் இடம்

ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி, நம் கண் உயரத்தில், வெளிச்சம் வரும் ஆனால் நேர் வெயில் விழாத கூடம். சமையலறையும் அதன் வாசலும் கூடாது. நான்ஸ்டிக் கடாய் வெறுமனே காய்ந்தால் வரும் புகை நமக்கு வாடையாகக்கூடத் தெரியாது, பட்ஜிக்கு நிமிடங்களில் உயிர் போகும். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, கற்பூரம், வரமிளகாய் தாளிப்பு, கொசுவுக்கான திரவ மருந்து எல்லாமே அதன் நுரையீரலுக்கு அதிகம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீட்டில் அந்த நேரத்துக்குக் கூண்டை வேறு அறைக்கு மாற்றி, புகை முழுதும் அடங்கிய பிறகு கொண்டுவரலாம். கொசுவுக்கு ஒரே நல்ல வழி, கூண்டைச் சுற்றி வலை.

கதவைத் திறந்து விடும் முன் சீலிங் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வாளித் தண்ணீரை மூடுங்கள். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டு வேண்டும். டிவி ஓடும் அறையென்றால் மெல்லிய பருத்தித் துணியால் மூன்று பக்கம் மூடலாம். பல்லியோ பூனையோ அசைந்து இருட்டில் அலறிப் பறந்து மோதிக்கொள்ளும் பறவைக்கு ஒரு சின்ன இரவு விளக்கு உதவும். சித்திரை வெயிலில் வாயைத் திறந்து, சிறகை உடம்பிலிருந்து தள்ளி வைத்து இளைத்தால் உடனே நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, அகலத் தட்டில் அரை அங்குலத் தண்ணீர் வையுங்கள்.

பழக்குவதற்கு முதல் மூன்று நாள் எதுவும் செய்யாமல் இருப்பதே வேலை. பிறகு தினமும் பத்து நிமிடம், முழுத் தினைக் கதிர் ஒன்றைக் கூண்டுக்குள் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கள். முதலில் கதிர் நுனி, பிறகு உங்கள் விரலுக்கு நெருக்கமாக. சில வாரம் ஆகும். துரத்திப் பிடித்த ஒரு தடவை, அந்த உழைப்பு முழுவதையும் கெடுத்துவிடும்.

செட்டில் இல்லாத ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள்: ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. அதன்மேல் ஒரு குச்சியோ டப்பாவோ வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, வாரம் ஒரு நாள், காலையில் இரை போடுவதற்கு முன் நிறுத்து எழுதுங்கள். 36 கிராம் பறவை 32-க்கு இறங்கினால், கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும், உடம்புக்குள் ஏதோ நடக்கிறது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கோழி, ஆடு பார்க்கும் மருத்துவர் எல்லாருக்கும் கூண்டுப் பறவை பழக்கமாக இருக்காது. பறவை வாங்கும் முன்பே உங்கள் ஊரில் யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். சென்னையில் வேப்பேரி, மற்றபடி நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் ஊர்களில் அங்கே விசாரிப்பது நல்ல தொடக்கம்.

மருத்துவரிடம் கிளம்பும்வரை, உடம்பு சரியில்லாத பறவையைத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, தரையிலேயே தினையும் தண்ணீரும் வைத்து விடுங்கள். பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வெளியிலிருந்து குண்டு பல்பின் சூடு படட்டும், 30 டிகிரி வாக்கில். சூடு அதிகமானால் பறவை மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். கூண்டுத் தட்டில் அன்று விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கிப் போடாமல் மடித்து, எடை எழுதிய நோட்டோடு சேர்த்து எடுத்துப் போங்கள்.